ஒரே வீட்டுல ஆறு பேரு, ஆளுக்கொரு நிலவரம்: மெடிக்கல் இன்சூரன்ஸ் வயசையும் ஊரையும் பாத்துத்தான் கிடைக்குமா?

வேலந்தாவளம்காரன் எழுதியது:

வணக்கம்ங்க, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நாங்க பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூக்கா, கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்ல பேசறது தமிழ், ரேஷன் கார்டு கேரளா, பிழைப்பு கோயம்புத்தூர், ஆஸ்பத்திரின்னாலும் கோயம்புத்தூர்தான். இங்க பாதி ஊரு அப்படித்தான் ஓடிட்டிருக்கு.

வீட்டு நிலவரம் என்னன்னா, எனக்கு வயசு 34, ஒரு பம்ப் கம்பெனில டிசைன் செக்‌ஷன், கம்பெனி குரூப் பாலிசி 3 லட்சம் இருக்கு, அது எனக்கும் வீட்டுக்காரிக்கும் பாப்பாவுக்கும் மட்டும், அப்பா அம்மாவை சேர்க்க முடியாதுன்னு எச்ஆர்ல சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு 66, கோயம்புத்தூர்ல மில்லு வேலை, 58ல ரிட்டயர்டு, சுகரு பிரஷர் ரெண்டும் உண்டு, இன்சூரன்ஸ்னு ஒண்ணும் இல்ல. அம்மா 59, அவங்களுக்கும் இல்ல. தம்பி 25, டெலிவரி வண்டி ஓட்டறான், தினமும் பார்டர் தாண்டிப் போய்ட்டு வர்றான், இன்சூரன்ஸ் எடுடான்னா "எனக்கு என்ன வரப்போகுது"ங்கறான்.

அக்காவைப் பொள்ளாச்சி பக்கம் கட்டிக் குடுத்திருக்கோம். அவங்க வீட்ல தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்கு, மச்சானுக்கு ஸ்டென்ட் வெச்சப்ப ஆஸ்பத்திரி பில்லு மொத்தமும் அதுலயே கழிஞ்சிருச்சு, கைக்காசு போனது காரு வாடகைக்கும் கேன்டீனுக்கும்தான். அதைப் பாத்துட்டு நானும் இங்க அக்ஷயாவுக்கு (கேரளா அரசு இ-சேவை மையம்) போய் கேட்டேன், உங்களுது வெள்ளை கார்டு (வசதியானவங்க ரேஷன் கார்டு), கேரளா அரசு காப்பீடான காருண்யா லிஸ்ட்ல பேரு இல்லன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. வெள்ளை கார்டு எதனாலன்னா வீடு ஆயிரம் சதுர அடிக்கு மேல போயிருச்சாம். பாட்டன் கட்டுன ஓட்டு வீடுங்க அது, மழை பேஞ்சா நாலு எடத்துல ஒழுகும்.

என்னோட கேள்வி ரெண்டு. ஒண்ணு, பஸ்ஸுல ஏறுனா ஒரு மணி நேரம் இருக்குமா பொள்ளாச்சி, அதுக்குள்ள எப்படிங்க இவ்ளோ வித்தியாசம், மத்த எல்லை ஊருகள்லயும் இப்படித்தானா, எந்த வயசுக்காரங்க அதிகமா விட்டுப்போறாங்க? ரெண்டாவது, அப்பா அம்மாவுக்கும் தம்பிக்கும் இப்ப நான் என்ன பண்ணலாம்? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஏஜெண்டுங்க தயவுசெஞ்சு நம்பர் போடாதீங்க.

சும்மா_வந்தவன்:

பாஸ், இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை, எல்லாரையும் போட்டு வீட்டுக்கே சேத்து ஒரே தொகையா ஒரு 10 லட்சம் ஃபேமிலி ஃப்ளோட்டர் எடுத்துட்டு தூங்கப் போங்க.

பில்லிங்_அக்கா:

சும்மா வந்த தம்பி, வாயை வெச்சுட்டு சும்மாவே இருந்திருக்கலாம். ஃப்ளோட்டர்ல யாரு வயசு அதிகமோ அந்த வயசை வெச்சுத்தான் பிரீமியம் போடுவாங்க. 66 வயசு சுகரு பிரஷரோட அப்பாவை உள்ள கொண்டுவந்தா 34 வயசுக்காரனும் 25 வயசுக்காரனும் சேந்து அவர் வயசுக்கு காசு கட்டணும், அப்பாவுக்கு ஒரு வருஷம் பெரிய க்ளெய்ம் வந்துட்டா மத்தவங்களுக்கு மிச்சமும் இருக்காது. பெரியவங்களுக்கு எப்பவும் தனி பாலிசி. அதோட கல்யாண வயசுத் தம்பியை அண்ணன் ஃப்ளோட்டர்ல நிறைய கம்பெனி சேர்க்கவே சேர்க்காது.

வேலந்தாவளம் தம்பிக்கு: நான் கோயம்புத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில இன்சூரன்ஸ் டெஸ்க்ல இருக்கேன், பேர் வேண்டாம். தினமும் என் டேபிள் முன்னாடி மூணு மாநிலத்துக் கார்டும் வந்து நிக்கும். நீங்க கேட்ட முதல் கேள்விக்கு நான் பாக்கறதைச் சொல்றேன்.

நம்ம ஊர்ல ஒருத்தருக்கு கவர் இருக்கா இல்லையாங்கறதை முடிவு பண்றது ரெண்டே விஷயம்தான், வேலை குடுக்கறவன் யாரு, ரேஷன் கார்டு எந்த ஊரு எந்த கலரு. வேலைங்கறது 22ல இருந்து 58 வரைக்கும் உள்ளவங்களைத்தான் பிடிக்கும், அதுலயும் மாசச் சம்பளக்காரங்களை மட்டும். ரேஷன் கார்டு எந்த வயசுக்காரங்களையும் பிடிக்கும், ஆனா விலாசத்தைத் தாண்டி வராது. இந்த ரெண்டுலயும் மாட்டாம நடுவுல விழுறவங்க யாருன்னு பாத்தா அப்படியே உங்க வீடுதான்: படிப்பு முடிச்சு நிலையான வேலை கிடைக்காத 20, 25, ரிட்டயர் ஆகி 70 ஆகறதுக்குள்ள இருக்கற 58ல இருந்து 69. பாவம் எந்த வயசுல செலவு ஆரம்பிக்குதோ அந்த வயசுல கையில கார்டு இருக்காது. எங்க டெஸ்க்ல ரொம்ப நேரம் உக்காந்து கெஞ்சறவங்க இந்த அறுபதுகள்ல இருக்கறவங்களோட பசங்கதான்.

வயசு மட்டும்தான் காரணம்னா உங்க பக்கத்துலயே ரிட்டயர்டு ஸ்கூல் வாத்தியார் யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, 75 வயசா இருந்தாலும் மெடிசெப் இருக்கும். கேரளா அரசு ஊழியருக்கும் பென்ஷன்காரருக்கும் 2022 ஜூலைல கொண்டுவந்தது, ஆரம்பத்துல மாசம் 500 ரூபா பிடிச்சு வருஷம் 3 லட்சம் கவர், வயசும் கேக்கல, முன்னாடியே இருந்த வியாதின்னு தள்ளவும் இல்ல. உங்க அப்பா மில்லுல உழைச்சவர், அவ்ளோதான் வித்தியாசம்.

இப்ப ஊரு விஷயம். தமிழ்நாட்டுத் திட்டம் 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம்னு வந்தது, 2012ல பேர் மாறுச்சு, 2018ல மத்திய அரசு காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தோட சேத்து 5 லட்சம் ஆக்குனாங்க. வருமான வரம்பு முன்னாடி வருஷத்துக்கு 72,000, அப்புறம் 1,20,000 ஆச்சு. இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, இன்னைக்கு கார்டு இல்லாதவங்ககூட ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ் கவுன்ட்டருக்குப் போனா சேரலாம், கதவு தொறந்தே இருக்கு. கேரளாவுல காருண்யா ஆரோக்கிய சுரக்‌ஷா பத்ததியும் அதே 5 லட்சம்தான், சுமாரா 42 லட்சம் குடும்பம் அதுல இருக்கு, திட்டம்னு பாத்தா குறை சொல்ல முடியாது. ஆனா லிஸ்ட் பழசு, 2018-19ல கையில பழைய இன்சூரன்ஸ் ஸ்மார்ட் கார்டு இருந்தவங்க, அதோட 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புல ஏழைங்கன்னு வந்த குடும்பங்க. அன்னைக்கு லிஸ்ட்ல இல்லாதவங்க இன்னைக்குப் போய் புதுசா சேர முடியறதில்ல. இதுதான் பொள்ளாச்சிக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம்.

வெள்ளை கார்டா இருந்தாலும் ஒரு வழி இருக்கு, அக்ஷயால ஏன் சொல்லலைன்னு தெரியல. காருண்யா பெனவலன்ட் ஃபண்ட்னு தனியா ஒண்ணு இருக்கு, காருண்யா லிஸ்ட்ல இல்லாத, வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருக்கற குடும்பத்துக்கு. 2 லட்சம் வரைக்கும், கிட்னி சம்பந்தப்பட்டதுன்னா 3 லட்சம். வருஷா வருஷம் புதுப்பிக்கற கவர் இல்ல இது, ஒரு தடவை குடுக்கற உதவி. உங்க சம்பளத்தையும் சேத்தா வரம்பு தாண்டுமான்னு பாத்துக்கோங்க, ரேஷன் கார்டு பிரிச்சிருந்தா கணக்கே வேற.

அப்பா விஷயத்துல ஒரு கேள்வி கேக்கணும். மில்லுல சம்பளத்துல இருந்து ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிச்சாங்களா? கேட்டுட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

நகரி_தறி:

அண்ணா, நான் நகரி, ஆந்திரா பக்கம். வீட்ல தமிழு, ஸ்கூல்ல தெலுங்கு, கல்யாணம் காட்சி எல்லாம் திருத்தணி, பள்ளிப்பட்டுனு அந்தப் பக்கம். எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு பவர்லூம் ஓடும்.

எல்லாரும் ஆந்திரா சூப்பர்னு சொல்வாங்க, உண்மைதான், ஆரோக்கியஸ்ரீங்கற அரசு காப்பீடு 2007லயே ராஜசேகர ரெட்டி கொண்டுவந்தது, உங்க ரெண்டு ஊருக்கும் முன்னாடி. இப்ப என்டிஆர் வைத்திய சேவைனு பேரு. வருஷ வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா போதும், அதனால தறி ஓட்டறவன், கடை வெச்சவன், ஆட்டோக்காரன், சின்ன சம்பளக்காரன் எல்லாரும் உள்ள வந்துடறாங்க, வயசு கணக்கே கிடையாது, எங்க பாட்டியும் என் பையனும் ஒரே கார்டு. கவர் 2023 டிசம்பர்ல 25 லட்சம்னு ஏத்தினாங்க. ஆஸ்பத்திரில ஆரோக்கிய மித்ரானு ஒருத்தர் உக்காந்திருப்பாங்க, அவங்ககிட்ட போனா பேப்பர் வேலை எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. நல்லா பேசற மித்ரா கிடைச்சா அது ஒரு கொடுப்பினை.

ஆனா 25 லட்சம்னு எழுதி இருக்கறதும் அட்மிஷன் போடறதும் வேற வேறண்ணா. கவர்மென்ட்ல இருந்து பாக்கி வரலைன்னு நெட்வொர்க் ஆஸ்பத்திரிங்க சேர்ந்து சேவையை நிறுத்துன கதை 2024லயும் நடந்துச்சு 2025லயும் நடந்துச்சு. அந்த வாரத்துல உங்களுக்கு நெஞ்சு வலி வந்தா கார்டை வெச்சுக்கினு விசிறிக்க வேண்டியதுதான்.

இன்னொரு கஷ்டம் எல்லைக்காரனுக்கு மட்டும் தெரிஞ்சது. எங்களுக்குத் திருத்தணி கிட்ட, திருப்பதி தூரம். திருத்தணி கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஓபி சீட்டு யாருக்கு வேணா போடுவாங்க, எந்த ஊருன்னு கேக்க மாட்டாங்க, அது நல்ல விஷயம். ஆனா தமிழ்நாடு காப்பீட்டுல பண்ணணும்னா தமிழ்நாடு கார்டு வேணும். நம்ம ஆந்திரா கார்டு ஸ்டேட்டுக்கு வெளில ஓட ஆரம்பிச்சது 2019ல, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்துனு மூணு ஊருல, அதுவும் அவங்க லிஸ்ட்ல இருக்கற பெரிய ஆஸ்பத்திரிங்க, அதுலயும் லிஸ்ட்ல இருக்கற ஆபரேஷனுக்கு. நடுவுல இருக்கற ஊர்ல விழுந்து கை ஒடிஞ்சா ஒண்ணும் கிடையாது.

எங்க ஊரு இளவட்டம் பாதி பேரு சென்னை பக்கம் கம்பெனிகள்ல கான்ட்ராக்ட் லேபர். கார்டு நகரில தூங்குது, ஆளு ஒரகடத்துல. ஈஎஸ்ஐ பிடிக்கற கான்ட்ராக்டர் கிடைச்சா தப்பிச்சான். அதனால பேப்பர்ல பாத்தா இந்த 22, 25 வயசுப் பசங்களுக்கு கவர் இருக்கும், நெஜத்துல எட்டாது.

கணக்குப்பிள்ளை_குமுளி:

ஊரு வித்தியாசத்துக்கு நம்பர் வேணும்னா நான் தர்றேன். தேசிய குடும்ப நல ஆய்வுன்னு ஒண்ணு எடுக்குறாங்கல்ல, அதோட அஞ்சாவது சுத்து 2019-21. நாடு முழுசுக்கும் 41 சதவீத வீடுகள்ல இன்சூரன்ஸோ அரசுத் திட்டமோ இருக்கு, அதுக்கு முந்தின சுத்துல 29தான். ராஜஸ்தான் 88. தமிழ்நாட்டுல சுமாரா மூணுல ரெண்டு வீடு. கேரளாவுல பாதிக்குப் பக்கம்தான், ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் பேர்போன ஊருல இப்படி இருக்கேன்னு ஆச்சரியமா இருக்கும், ஆனா பில்லிங் அக்கா சொன்ன பழைய லிஸ்ட் விஷயத்தை வெச்சுப் பாத்தா புரியும். பணக்கார மாநிலம் ஏழை மாநிலம்ங்கற கணக்கு இதுல வேலைக்கு ஆகாது, எந்த மாநிலத்துல அரசாங்கமே ஆளுகளைச் சேத்துவிடுதோ அங்க நம்பர் ஏறும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, அதைச் சொல்லத்தான் வந்தேன். "வீடு"ன்னு எண்ணுறப்ப வீட்டுல யாராவது ஒரே ஒரு ஆளுக்கு இருந்தாலே அந்த வீட்டுக்கு இருக்குன்னு எழுதிக்குவாங்க. வேலந்தாவளம் தம்பி வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா அவரோட கம்பெனி பாலிசியை வெச்சு டிக் அடிச்சிட்டுப் போயிருப்பாங்க. அப்பா அம்மா தம்பி மூணு பேரும் அந்த டிக்குக்குப் பின்னாடி மறைஞ்சு போயிருப்பாங்க. அதே ஆய்வுல ஆளு ஆளா எண்ணுனா, 15ல இருந்து 49 வயசு வரைக்கும் பொம்பளைங்கள்ல 30 சதவீதம், ஆம்பளைங்கள்ல 33 சதவீதத்துக்குத்தான் இருக்கு. 41க்கும் 30க்கும் நடுவுல இருக்கறவங்கதான் நம்ம வீட்டு ஆளுக.

இளசுகளுக்குக் குறைவு, வயசு ஏற ஏற கூடுதுன்னும் அதுல வருது. ஆனா கணக்கு 49லயே நின்னுருது, உங்கப்பா வயசுக்காரங்க அந்தக் கேள்விக்குள்ளயே வரல. எனக்கு இதுல ரொம்ப வருத்தம்.

70க்கு மேலன்னா நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. 2024 அக்டோபர் 29ல மத்திய அரசு ஆயுஷ்மான் வய வந்தனா கார்டுன்னு ஆரம்பிச்சது, 70 ஆயிட்டா வருமானம் எவ்ளோன்னு கேக்காம 5 லட்சம், குடும்பத்துக்கு ஏற்கெனவே ஆயுஷ்மான் கார்டு இருந்தாலும் பெரியவங்களுக்கு மட்டும் இது தனியா. மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை ஒண்ணுபோல இல்ல, அதனால கார்டு கையில வந்துட்டாலும் ஆஸ்பத்திரி டெஸ்க்ல ஒத்துக்கறாங்களான்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கணும். உங்கப்பாவுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு.

லயம்_பையன்:

நானும் ஒண்ணு சொல்லணும், எங்க ஊருல இது வேற மாதிரி. மூணாறு பக்கம் எஸ்டேட்டு லயத்துல (தொழிலாளிகளுக்குக் கம்பெனி குடுக்கற வரிசை வீடு) பொறந்து வளந்தவன். தாத்தா காலத்துல சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து மலை ஏறுனவுக, இன்னமும் "நம்ம ஊரு"ன்னா அங்கதான்னு சொல்லுவாக.

எஸ்டேட்டுல வேலை இருக்கற வரைக்கும் மருத்துவத்துக்குக் குறை இல்ல. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி கம்பெனியே டிஸ்பென்சரி, ஆஸ்பத்திரி வெச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும். அதனால தோட்டத்துக்கு ஈஎஸ்ஐ இல்லாம இருந்துச்சு. காய்ச்சல், பிரசவம், கொழுந்து கத்திரில வெட்டுனது, அட்டை கடிச்சுப் புண்ணாப் போனது எல்லாத்துக்கும் ஒரே எடம்.

58 ஆச்சா, எல்லாம் அன்னையோட சரி. பணிக்கொடை வாங்கிட்டு லயத்தைக் காலி பண்ணணும். புள்ளைக யாராவது அதே எஸ்டேட்டுல பேர் பதிஞ்சிருந்தா அந்த வீட்டுல ஒண்டிக்கலாம், இல்லேன்னா கீழ எறங்கணும். கீழ எறங்குனா எங்க? ஊர்ல பழைய பங்கு வீடு ஒரு ரூம்பு இருக்கும். அங்க போன உடனே தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வேணும், அதுக்கு கேரளா கார்டுல பேர் நீக்குன சான்று வேணும், அதை வாங்க மறுபடி மலை ஏறணும். ரேஷன் கார்டு வந்தப்புறம் வருமானச் சான்று, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு போகும், அப்புறம் கலெக்டர் ஆபீஸ்ல காப்பீட்டு கார்டுக்கு போட்டோ புடிக்கணும். இதுக்குள்ள ஆகற மாசங்கள்ல அந்த ஆளு கேரளாக்காரனும் இல்ல தமிழ்நாட்டுக்காரனும் இல்ல. முப்பது வருஷம் கொழுந்துக்கூடை சொமந்து முட்டியும் நுரையீரலும் போன வயசுல இந்த அலைச்சல்.

அதனால இப்ப விவரம் தெரிஞ்சவுக என்ன செய்றாகன்னா, கேரளா கார்டு மஞ்சளோ பிங்க்கோ (ஏழைங்க கார்டு) வெச்சிருந்து அதுல காருண்யா இருந்தா அதை விடறதே இல்ல, பேரை அங்கயே புள்ளைக கார்டுல வெச்சுக்கிட்டு கீழ வந்து தங்குறாக. எதாவதுன்னா மூணாறுக்கோ கோட்டயத்துக்கோ தூக்கிட்டு ஓடறது. சட்டப்படி சரியான்னு எனக்குத் தெரியாது, வேற வழி இருந்தா சொல்லுங்க.

இன்னொண்ணு, பழைய ஸ்மார்ட் கார்டு காலத்துல ஒரு குடும்பத்துல அஞ்சு பேருக்குத்தான் எடம், கவரும் 30,000தான். புருசன், பொண்டாட்டி, மூணு புள்ளைக, ஆச்சு அஞ்சு. கிழவி பேரு விட்டுப்போச்சு. இப்ப ஆயுஷ்மான்ல குடும்பத்துக்கு இத்தனை பேருன்னு வரம்பு கிடையாதாம், ஆனா விட்டுப்போன கிழவியைச் சேக்கணும்னு யாரும் வந்து கூப்புடல, நாமளாத்தான் போகணும். எங்க அப்பத்தாவை அப்படித்தான் சேத்தோம், ரேஷன் கார்டுல பேரு இருந்ததால சேந்துச்சு.

பில்லிங்_அக்கா:

லயம் தம்பி, நீங்க சொன்னது எங்க டெஸ்க்லயும் நடக்கும். கேரளா கார்டை எடுத்துட்டு தேனி, மதுரைன்னு போறவங்களுக்கு: ஆயுஷ்மான்ல எந்த மாநிலத்துலயும் காட்டலாம்னு விதி இருக்கு. ஆனா காருண்யால இருக்கற எல்லாருமே மத்திய அரசு பங்கு குடுக்கற குடும்பம் இல்ல, ஒரு பகுதி கேரளா அரசே தனியா காசு போட்டு சேத்தது. அந்தக் குடும்பங்களுக்கு வெளி மாநிலத்துல கம்ப்யூட்டர்ல தேடுனா பேரே வராம போகும். ஒரே லயத்துல பக்கத்துப் பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு ஓகே ஆகி இன்னொருத்தருக்கு ஆகாம போறது இதனாலதான். ஆஸ்பத்திரிக்காரங்களைத் திட்டிட்டுப் போவாங்க, நாங்க என்ன பண்றது.

வேலந்தாவளம்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. லயம் அண்ணா எழுதுனதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், அவங்களோட சித்தி ஒருத்தங்க வால்பாறை எஸ்டேட்ல இருந்து எறங்குனவங்க, அப்படியே இதே கதைன்னாங்க.

அக்கா, அப்பாகிட்ட கேட்டேன். ஈஎஸ்ஐ பிடிச்சாங்களாம், கடைசி வரைக்கும். ரிட்டயர் ஆனப்ப சிங்காநல்லூர் ஆஸ்பத்திரி கார்டை மில்லுலயே வாங்கி வெச்சுக்கிட்டாங்க, இனிமே செல்லாதுன்னு டைம் ஆபீஸ்ல சொல்லிட்டாங்கங்கறார். அதுல இன்னும் ஏதாவது இருக்கா?

தம்பிக்கும் எதாவது சொல்லுங்க, அவன் இந்த த்ரெட்டை படிக்கறேன்னு சொல்லியிருக்கான். தனியார் பாலிசி பத்தி யாரும் பேசவே இல்ல.

கணக்குப்பிள்ளை_குமுளி:

தனியார்ல வயசுக்கும் ஊருக்கும் என்ன நடக்குதுன்னு நான் சுருக்கமா சொல்லிர்றேன், ஈஎஸ்ஐ விஷயத்தை அக்கா பாத்துக்கட்டும்.

முன்னாடி 65க்கு மேல நிறைய கம்பெனிங்க புது பாலிசி குடுக்க மாட்டாங்க, 2024 ஏப்ரல்ல இருந்து அந்த வரம்பை ஐஆர்டிஏ (இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற அரசு ஆணையம்) எடுத்துருச்சு. முன்னாடியே இருக்கற வியாதிக்குக் காத்திருக்கற காலமும் அதிகபட்சம் 4 வருஷமா இருந்தது 3 ஆச்சு. அதனால 66 வயசுக்கும் கிடைக்கும், ஆனா பிரீமியம் 25 வயசுக்காரனை மாதிரி பல மடங்கு, பில்லுல இத்தனை சதவீதம் நீங்களே கட்டணும்னு கோ-பே வெப்பாங்க, மெடிக்கல் டெஸ்ட் கேப்பாங்க, ரிப்போர்ட் பாத்துட்டு மாட்டோம்னும் சொல்லலாம். ஒரு ஆறுதல், 60 தாண்டினவங்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்தணும்னா ஐஆர்டிஏவைக் கேட்டுட்டுத்தான் ஏத்தணும்னு 2025 ஜனவரில உத்தரவு வந்தது. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்ல, அதுக்கு முன்னாடி 18 சதவீதம் போட்டுத் தாளிச்சாங்க.

சுகரு பிரஷரை மட்டும் மறைச்சுடாதீங்க. எழுதற ஏஜெண்ட் "இதெல்லாம் போட வேண்டாம் சார்"னு சொல்வாரு. அஞ்சு வருஷம் தொடர்ந்து கட்டுனப்புறம் மறைச்சீங்கன்னு சொல்லி க்ளெய்மைத் தள்ள முடியாதுங்கறது விதி, ஆனா மோசடின்னு நிரூபிச்சா அப்பவும் தள்ளலாம், அந்த அஞ்சு வருஷத்துக்குள்ள ஒண்ணு ஆச்சுன்னா கேக்கவே வேண்டாம்.

ஊரு விஷயம் தனியார்லயும் இருக்கு, சோன்னு பேரு. டெல்லி மும்பை மாதிரி ஊருக்கு ஒரு ரேட்டு, நம்ம மாதிரி ஊருக்குக் குறைஞ்ச ரேட்டு, பின்கோடை வெச்சுப் பிரிப்பாங்க. கொழிஞ்சாம்பாறை பின்கோடுல எடுத்தா மலிவா வரும், ஆனா சில பாலிசில குறைஞ்ச சோன்ல எடுத்துட்டு மேல் சோன்ல போய் படுத்தா ஒரு பங்கு கையில இருந்து கட்டணும். உங்களுக்கு ஆஸ்பத்திரி கோயம்புத்தூர்தான்னு ஆயிருச்சு, அதனால கோயம்புத்தூர் எந்த சோன்ல வருதுன்னு கம்பெனிகிட்ட எழுத்துல கேட்டு வாங்கிட்டு கையெழுத்துப் போடுங்க.

ரூம் வாடகை வரம்பையும் பாருங்க. 3 லட்சம் பாலிசில ஒரு சதவீதம்னா நாளைக்கு 3,000, நீங்க 6,000 ரூம்ல தங்குனா வாடகையை மட்டும் பாதியா வெட்ட மாட்டாங்க, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ்னு அதோட ஒட்டுனதையும் சேத்து பாதியாக்குவாங்க. க்ளெய்ம் குறைஞ்சு போச்சுன்னு அழறவங்கள்ல நிறைய பேரு இதுல மாட்டுனவங்கதான்.

நகரி_தறி:

டெலிவரி தம்பிக்கு நான் சொல்றேன், ஏன்னா என் வயசு கிட்ட. உனக்கு என்ன வரப்போகுதுன்னு கேட்டியாம், பைக்கை தினமும் பார்டர் தாண்டி ஓட்டறவன் கேக்கற கேள்வியா இது. தமிழ்நாட்டுல ரோட்ல அடிபட்டா இன்னுயிர் காப்போம்னு 2021ல இருந்து திட்டம் இருக்கு, முதல் 48 மணி நேரம் ஆஸ்பத்திரி செலவு ஒரு வரம்பு வரைக்கும் கவர்மென்ட் பாத்துக்கும், எந்த ஸ்டேட் ஆளு, கார்டு இருக்கா இல்லையான்னு கேக்க மாட்டாங்க. லிஸ்ட்ல இருக்கற தனியார் ஆஸ்பத்திரிலயும் கிடைக்கும். எங்க ஊரு பையன் ஒருத்தன் திருத்தணி ரோட்ல விழுந்தப்ப அதுலதான் உசுரு தங்குச்சு. ஆனா தனியார் ஆஸ்பத்திரில 49ஆவது மணி நேரத்துல இருந்து உன் காசுதான் தம்பி, அதை யோசிச்சுக்க.

இ-ஷ்ரம்ல (அமைப்புசாரா தொழிலாளிங்க பேரைப் பதியற மத்திய அரசு வெப்சைட்) பதிஞ்சு வெச்சுக்க. டெலிவரி மாதிரி வேலை பாக்கறவங்களை ஆயுஷ்மானுக்குள்ள கொண்டு வர்றோம்னு 2025 பட்ஜெட்ல சொன்னாங்க, லிஸ்ட் எடுக்கறப்ப உன் பேரு அதுல இருக்கணும். கம்பெனி ஆப்புல ஆக்சிடென்ட் கவர் ஏதாவது இருந்தா யாரை நாமினி போட்டிருக்கன்னும் பாரு, பாதி பேரு அதை காலியாவே விட்டிருப்பான்.

பில்லிங்_அக்கா:

தம்பிக்கு 25 வயசுல 5 லட்சம் தனி பாலிசி ஒண்ணு இப்பவே போட்டுருங்க, காத்திருக்கற காலம் எல்லாம் ஒடம்பு நல்லா இருக்கறப்பவே கழிஞ்சு போயிரும். நாளைக்கு கம்பெனி வேலை கிடைச்சு குரூப் பாலிசி வந்தாலும் இதை விட வேண்டாம். வேலந்தாவளம் தம்பி, உங்களுக்கும் அதேதான், உங்க 3 லட்சம் அந்த பம்ப் கம்பெனில இருக்கற வரைக்கும்தான். வேலையை விடறப்ப அதே இன்சூரன்ஸ் கம்பெனில தனிநபர் பாலிசியா மாத்திக்கலாம்னு விதி இருக்கு, எச்ஆர்ல யாரும் சொல்ல மாட்டாங்க, நீங்களா கேக்கணும்.

இப்ப அப்பா. ஈஎஸ்ஐல குறைஞ்சது அஞ்சு வருஷம் இருந்து, ரிட்டயர்மென்ட் வயசு வந்து வெளில வந்தவங்களுக்கு, வருஷத்துக்கு 120 ரூபா கட்டுனா அவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் ஈஎஸ்ஐ மருத்துவம் உண்டு. ஆமாங்க, நூத்தி இருவது ரூபாதான், மாசத்துக்கு இல்ல வருஷத்துக்கு. டைம் ஆபீஸ்ல கார்டை வாங்கி வெச்சது வேலைக்காரர்ங்கற கணக்கை முடிக்கறதுக்கு, ரிட்டயர்டு ஆளுங்கற உரிமை அதோட போறதில்ல. மில்லு ஈஎஸ்ஐலயே நம்ம ஜனம் முக்காவாசி இதை விட்டுட்டு உக்காந்திருக்காங்க, எனக்குக் கோபம் கோபமா வரும்.

நடுவுல ராஜினாமா பண்ணிட்டு வந்தவருன்னா சிக்கல், அப்பா 58 முடிச்சு வந்திருக்கார்ங்கறதால பிரச்சனை இருக்காது. மில்லு குடுத்த ரிலீவிங் லெட்டர் இருந்தா நல்லது, அதுல ரிட்டயர்மென்ட்னு தேதியோட இருக்கணும். லெட்டர் தொலைஞ்சிருந்தா பிஎஃப் பென்ஷன் புக்கும் கிராஜுவிட்டி பேப்பரும் எடுத்துக்கோங்க, ஈஎஸ்ஐ நம்பர் பழைய சம்பளச் சீட்டுல இருக்கும், பத்து எண்ணு. போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு இல்ல, மில்லு எந்த ஈஎஸ்ஐ கிளை ஆபீசுக்குக் கீழ இருந்துச்சோ அங்க.

இதுல எல்லாமே நடந்துரும்னு சொல்ல மாட்டேன், சிங்காநல்லூர்ல காலைல போனா கூட்டம் இருக்கும், மருந்து சில சமயம் வெளில எழுதிக் குடுப்பாங்க. ஆனா சுகரு பிரஷருக்கு மாசா மாசம் போற காசு நிக்கும், அதுவே பெருசு. மேல ஒரு சின்ன சீனியர் பாலிசி அப்பாவுக்கு மட்டும் பாருங்க, முடியலன்னா 70 வரைக்கும் இதை வெச்சு ஓட்டலாம்.

அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேர் ஆதார், ரேஷன் கார்டு நகல், ஆளுக்கு ரெண்டு போட்டோ. விலாசம் கேரளான்னு கவுன்ட்டர்ல இழுத்தா, மருந்து எந்த டிஸ்பென்சரில வாங்கப் போறீங்கன்னு கேப்பாங்க, பாலக்காடு பக்கம் வேணுமா கோயம்புத்தூரா வேணுமான்னு வீட்டுலயே பேசி முடிவு பண்ணிட்டுப் போங்க.